பிஷப் சாப்பிடவில்லை

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் பிஷப். உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் பிஷப்மார் அங்கியின் காலர் மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. குட்டியாக வந்த அன்றே அந்தப் பட்டையைப் பார்த்து நான் வைத்த பெயர். என் மனைவி ஞானம்மாளுக்கு அதில் சம்மதமில்லை. சபைக்காரர்கள் வந்தால் "பிஸ்கெட்" என்று கூப்பிடுவாள். பூனை இரண்டு பெயருக்கும் திரும்பாது. தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட இவர்கள் யார் என்பது அதன் எண்ணம்.

சித்தூரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்து நான்கு வருஷம் டிரில் மாஸ்டராக இருந்தவன் நான். நான் விசில் ஊதினால் மைதானத்துப் பிள்ளைகள் மட்டுமல்ல, வெளியே ரோட்டில் போகிற பஸ்ஸும் நிற்கும். ஒரு முறை சரக்கு ரயிலே நின்றுவிட்டது. கார்டு இறங்கி வந்து, மேலே புறப்படலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பேர்ப்பட்ட என்னை ஒன்பது வருஷமாக ஒரு பூனை மதிக்கவில்லை. நானும் அதை மதிக்கவில்லை. அந்த அளவில் எங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது.

சாப்பாட்டு விஷயத்தில் அதன் திமிர் ஊரறிந்தது. மீன்காரி செங்கம்மா கூடையை இறக்கினால் போய் ஒரே ஒரு முறை முகர்ந்து பார்க்கும். பழவேற்காட்டு மீன் என்றால் உட்காரும். வேறு கடலென்றால் வாலைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பூனை எழுந்து போன நாளில் எங்கள் தெருவில் மீன் விற்பதில்லை என்று செங்கம்மாவே ஒரு விதி வைத்திருந்தாள். எங்கள் தெருவில் அந்த ஒன்பது வருஷமும் யாருக்கும் வயிற்று வலி வந்ததில்லை.

அந்தப் பூனைதான் ஒரு மாதமாகத் தண்ணீர் வாளியிலேயே குடியிருந்தது. குடித்தது, போனது, மறுபடி குடித்தது. முதுகெலும்பு தெரிய ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் மகள் கேசியாவுக்குப் பலமனேரில் இரண்டாவது பிரசவம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு ஞானம்மாள் கிளம்பினாள். அதற்கு முன் வழக்கம்போல் சாப்பாட்டு ஜெபம் செய்தாள். அவள் ஆமென் சொல்வதற்குள் வழக்கம்போல் நான் குழம்பை முடித்து ரசத்துக்கு வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் பதினோரு வருஷமாக ஆமென் சொல்கிறவள் அவள் ஒருத்திதான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பஸ் ஏறும்போது சொன்னாள்: "நாளைக்கே பிஷப்ப திருப்பதிக்கு இட்டுகினு போயி டாக்டராண்ட காட்டுங்க. நான் வரும்போது அது உசுரோட இருக்கணும்."

"நான்?"

"உங்கள அப்புறம் பாத்துக்கலாம்."

திங்கட்கிழமை காலை, தக்காளிக் கூடையில் பிஷப்பை வைத்து மேலே துண்டைக் கட்டி, திருப்பதி பஸ்ஸில் உட்கார்ந்தேன். பஸ் நிறையக் மொட்டைக்கு நேர்ந்துகொண்ட தலைகள். பூதலப்பட்டு தாண்டியதும் கூடை கத்த ஆரம்பித்தது. கண்டக்டர் வந்து, "தாத்தா, ஏமிட்டி அதி?" என்று உள்ளே இருப்பது என்னவென்று கேட்டார். "பிஷப்" என்றேன். அவர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முன்பக்கம் போய்விட்டார். சந்திரகிரி வரை கத்தியது. அதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் அது ஏதோ வேண்டுதல் என்று முடிவு செய்து கூடையைத் தொட்டுக் கும்பிட ஆரம்பித்தார்கள். பூனை அதைத் தன் உரிமையாக ஏற்றுக்கொண்டு மௌனமாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிவசங்கரி என்று ஒரு பெண். வரதய்யபாளையத்துக்காரி. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டாள்.

"பேரு இன்னா தாத்தா?"

"சத்தியநாதன்."

"உங்க பேரு இல்ல, பேஷண்ட் பேரு."

"பிஷப்."

அவள் முகத்தில் ஒன்றும் ஆடவில்லை. "வயசு?"

"ஒம்போது. நடந்துக்கறதெல்லாம் தொண்ணூறு மாதிரி."

ரத்தம் எடுத்தார்கள். பூனை இரண்டு நர்சுகளைக் கீறியது, மூன்றாவது நர்ஸ் தானாகவே லீவு போட்டுவிட்டார். டிரிப்ஸ் ஏற்றினார்கள், வாந்தி வராமல் இருக்க ஓர் ஊசி போட்டார்கள். சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது.

"ரெண்டு கிட்னியும் முக்காவாசி போயிடுச்சு தாத்தா. கிரியாட்டினின் நாலு பாயிண்ட் எட்டு. இனிமே மீனு, கருவாடு, பாலு ஒண்ணும் கூடாது. இந்த கிட்னி சாப்பாடு மட்டுந்தான். இதத் துன்னுகினு இருந்தா ரெண்டு மூணு வருஷம்கூட ஓட்டிடும்."

"துன்னலன்னா?"

"துன்ன வைக்கணும். கொஞ்சம் சூடு பண்ணி வையுங்க. பழைய சாப்பாட்டுல கலந்து வையுங்க. வாயில மட்டும் திணிக்காதீங்க. பூன பட்டினி கெடக்கக்கூடாது தாத்தா, கல்லீரல் போயிடும். வியாழக்கெழம சாயங்காலத்துக்குள்ள ஒரு வாய்கூடத் துன்னலன்னா இட்டாந்துடுங்க, மூக்கு வழியா டியூப் போடணும். இது இருக்கற இருப்புக்கு அதத் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

அந்தச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழுப்பு நிறத்தில் சட்டைப் பொத்தான் அளவு வில்லைகள். முகர்ந்தால் மழையில் நனைந்த சாக்கு. செவ்வாய்க்கிழமை காலையில் நானே நான்கு வில்லை தின்று பார்த்தேன். உப்பில்லை, புளிப்பில்லை, மானமில்லை. இருந்தாலும் எங்கள் சபை ஆண்டு விருந்தில் போடுகிற பிரியாணியைவிட ஒரு படி மேல்.

தட்டில் கொட்டி வைத்தேன். பிஷப் வந்தது. தட்டின் எதிரே வாலைச் சுற்றி உட்கார்ந்தது. தட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எழுந்து, தன் கழிவை மண் தள்ளி மூடுமே, அதே மாதிரி தட்டைச் சுற்றி வெறும் சிமெண்ட் தரையைப் பிறாண்டி, இல்லாத மண்ணை அள்ளி அள்ளிப் போட்டு மூடிவிட்டுப் போயிற்று.

சூடு பண்ணி வைத்தேன். பிறாண்டியது. மீன் வேக வைத்த தண்ணீரை இரண்டு சொட்டு விட்டேன். பிறாண்டியது. தட்டை மாற்றி, கல்யாணத்துக்கு வந்த பீங்கானில் வைத்தேன். அதையும் பிறாண்டியது. தரையில் உட்கார்ந்து, பூனைத் தட்டிலிருந்து நானே எடுத்துத் தின்று, "ஆகா, ஆகா" என்று காட்டினேன். பிஷப் என்னையே பிறாண்டி மூடப் பார்த்தது. கடைசியில் விசிலை எடுத்து ஊதினேன். வெளியே ஒரு ஆட்டோ நின்றது.

புதன்கிழமையும் அப்படியே போயிற்று. சாயங்காலம் டாக்டருக்குப் போன் செய்தேன். "எதுவானாலும் வயித்துக்குள்ள போனா போதும் தாத்தா. பழைய மீனே ஆனாலும் இன்னிக்கி ஒரு நாள் குடுங்க" என்றாள். செங்கம்மா பழவேற்காட்டு மீனாகவே பொறுக்கித் தந்தாள். உப்பில்லாமல் வேக வைத்து, முள் எடுத்து, ஆற வைத்து முன்னால் வைத்தேன். பிஷப் தட்டின் முன் உட்கார்ந்தது. வாயில் எச்சில் ஊறி முடியில் இறங்கியது. ஆனாலும் வாய் வைக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து போய் அறையில் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது.

சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் அது ஒரு பூனை. பிடித்த மீனும் வேண்டாம் என்றால் அது போகிற பூனை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. கட்டிலடியில் கையை விட்டு இழுத்துத் தூக்கினேன். துவைத்துக் காயப்போட்ட பனியன் கனம்கூட இல்லை. கீறுவதற்குக் காலைத் தூக்கி, முடியாமல் போட்டுவிட்டது. எனக்கு எதிரி என்று உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான். மற்றவர்களுக்கெல்லாம் அந்தத் தகுதி போதாது.

ஞானம்மாளுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். அவள் அழுதாள். அழுதுகொண்டே சபைப் பெண்கள் சங்கத்தின் வாட்ஸப் குரூப்பில் ஒரு செய்தி போட்டாள். பதற்றத்தில் பிஸ்கெட் என்று போட மறந்துவிட்டாள். அதில் இருந்தது இவ்வளவுதான்: "பிஷப்புக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. மூணு நாளா சாப்பாடு இல்ல. எங்க வீட்லதான், எங்க வீட்டுக்காரர் தனியா பாத்துக்கினு இருக்காரு. எல்லாரும் ஜெபிச்சுக்கோங்க."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டியது யாரென்று பார்த்தால், ஆண்ட்ரூ.

இவன் எங்கள் சபைக் கமிட்டிச் செயலாளர். மண்டல ஆபீசில் சூப்பரிண்டெண்டாக இருந்து ரிடையர் ஆனவன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக் காணிக்கை ஏலத்துக்கு என் தோட்டத்துப் பூசணிக்காயைக் கொடுத்தேன். ஆறு பேர் சேர்ந்து உருட்டினார்கள். சர்ச் வாசலில் ஏற்றும்போது கருங்கல் படியொன்று பிளந்துவிட்டது, இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த ஆண்ட்ரூ மைக்கைப் பிடித்து, "அடுத்து, சத்தியநாதன் மாஸ்டர் வீட்டு சொரக்கா" என்றான். சபை சிரித்தது. பூசணிக்கும் சுரைக்காய்க்கும் வித்தியாசம் தெரியாதவன் நடத்துகிற சபையில் இனி எந்த ஜெபத்துக்கும் ஆமென் சொல்வதில்லை என்று அங்கேயே எழுந்து சொல்லிவிட்டு வந்தேன். சர்ச்சில் மட்டுமல்ல, வீட்டிலும் அன்றோடு சரி. வாக்கு என்றால் வாக்கு.

வந்து நின்றவன் கையில் ஆப்பிள் பை, தோளில் புதுச் சால்வை. முகத்தில் துக்கம் கொஞ்சம், கோபம் நிறைய. சபையின் நிஜ பிஷப் அவன் வீட்டில் தங்காமல் என் வீட்டில் வந்து படுத்துவிட்டாரே என்கிற கோபம். அது எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததைச் சொல்லவேண்டிய கட்டாயம் எனக்கில்லை.

"எப்ப வந்தாரு மாஸ்டர்? செக்ரட்டரி நானு, எனக்கே ஒரு வார்த்த இல்ல."

"வந்து ஒம்போது வருஷம் ஆச்சு" என்றேன். துக்கத்தில் அவன் காதில் விழவில்லை.

"இப்ப எப்டி இருக்காரு?"

"உள்ள படுத்துகினு கீது."

ஆண்ட்ரூ திடுக்கிட்டான். "இன்னா மாஸ்டர், பிஷப்பப் போயி கீதுன்றீங்க?"

"வேற எப்டி சொல்றது? நேத்துலருந்து கட்டிலடியிலயே கெடக்குது."

"கட்டிலடியிலயா!" அவன் கண்கள் கலங்கின. "இன்னா தாழ்மை பாருங்க. எவ்ளோ பெரிய மனுஷன்."

"தாழ்மையா? காலைல என் செருப்புல ஒண்ணுக்குப் போயிடுச்சு."

"கிட்னி போனா அப்டித்தான் ஆவும்" என்று மூக்கை உறிஞ்சினான். "நான் பாக்கலாமா?"

"யாரு மூஞ்சியும் புடிக்கல அதுக்கு. முக்கியமா கமிட்டிக்காரங்க மூஞ்சி."

"சரி. தொந்தரவு பண்ண வேணாம். இங்கருந்தே ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போறன்."

எங்கள் சபையில் ஒரு வீட்டுக்கு வந்தவர் ஜெபம் செய்யாமல் போகமாட்டார். அதில் ஆண்ட்ரூவுக்குக் கூடுதல் ருசி. சால்வையைச் சரிசெய்துகொண்டு, அறைக் கதவைப் பார்த்து நின்று, கண்ணை மூடி ஆரம்பித்தான். கதவு பாதி திறந்திருந்தது. வாசலில் பூனைத் தட்டு, அதில் காலையில் வைத்த பழுப்பு வில்லைகள். நான் கண்ணை மூடவில்லை. அதனால்தான் இந்தக் கதையைச் சொல்ல ஒரு சாட்சியாவது மிஞ்சியது.

ஆண்ட்ரூவின் ஜெபம் உலக சமாதானத்தில் தொடங்கி, டெல்லி, அமராவதி, சித்தூர் கலெக்டர் ஆபீஸ் எல்லாம் சுற்றிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருவதற்கு எட்டு நிமிஷம் ஆனது. மூன்றாவது நிமிஷத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தலை வந்தது. ஐந்தாவது நிமிஷத்தில் பிஷப் தள்ளாடி நடந்து வந்து தட்டின் முன் உட்கார்ந்து, வாலைக் காலைச் சுற்றிப் போட்டுக்கொண்டது. ஆண்ட்ரூ முடிவுக்கு வந்தான்: "...இதைத் தகுதியில்லாத அடியேன் ஆண்ட்ரூ கேட்கிறேன்." அந்தப் பெயர் வந்ததும் பூனை கண்ணை மூடியது. "ஆமென்" என்றான் ஆண்ட்ரூ.

பிஷப் தட்டில் வாயை வைத்தது. மொறுக், மொறுக்.

ஆண்ட்ரூ கண்ணைத் திறந்தான். "இது இன்னா பூன?"

"பிஷப்."

"பிஷப் எங்க?"

"அதாய்யா சொல்றன். இதான் பிஷப். இதுக்குத்தான் கிட்னி போயிடுச்சு."

அவன் முகம் போன போக்கைப் படம் பிடிக்க மிஷன் காலத்துப் பழைய கேமராவாவது கையில் இருந்திருக்கலாம். சால்வையை உருவி மடித்தான். ஆப்பிள் பையை எடுத்துக்கொண்டான். "நீங்க திருந்தவே மாட்டீங்க மாஸ்டர்" என்றான்.

"சொரக்கா வேணுமா? தோட்டத்துல கீது."

கதவை அறைந்துவிட்டுப் போனான். பிஷப் தலை தூக்கவே இல்லை. பதினேழு வில்லை தின்றது. நான் எண்ணினேன்.

மத்தியானம் மறுபடி வைத்தேன். வந்து உட்கார்ந்தது, என் முகத்தைப் பார்த்தது. மூன்று நாளாக அது என் முகத்தைப் பார்த்து எதற்காகக் காத்திருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. ஒன்பது வருஷமாக ஞானம்மாள் அதற்கு ஆமென் சொன்ன பிறகுதான் தட்டில் போட்டிருக்கிறாள். ஜெபம் செய்யாத வீட்டில் அது கை நனைக்காது. கிறிஸ்தவக் குடும்பத்தில் நானே பாதி சாப்பாடு முடித்துவிட்டுத் திரியும்போது, ஒரு பூனை ஒழுங்காக இருந்திருக்கிறது.

இதற்காக வாக்கை மீற முடியுமா? முதலில் ஞானம்மாளைப் போனில் பிடித்து ஜெபம் பண்ணச் சொன்னேன். பூனை போனை முகர்ந்துவிட்டுப் பிறாண்டி மூடியது. டிவியில் ஜெபம் செய்கிற ஒரு ஊழியக்காரரைப் போட்டேன். முதுகைத் திருப்பிக்கொண்டது. அந்த ஒரு விஷயத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே ரசனை. மணி நாலு. காலையில் தின்ற பதினேழு வில்லையை நம்பிக் கிடக்க முடியாது; திருப்பதி பஸ்ஸுக்குக் கூடையைக் கட்ட வேண்டும், இல்லையென்றால் வாயைத் திறக்க வேண்டும்.

"ஆமென்" என்றேன். பதினோரு வருஷம் பூட்டிக் கிடந்த கதவு மாதிரி சத்தம் வந்தது.

பிஷப் என்னைப் பார்த்தது. பள்ளிக்கூடத்தில் லைனில் சட்டை பட்டன் போடாமல் நிற்கிறவனை நான் பார்ப்பேனே, அந்தப் பார்வை. முழு ஜெபம் வேண்டுமாம்.

"ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இது ஆகாரமா என்பது உமக்கே வெளிச்சம். பலமனேரில் ஞானம்மாளையும் கேசியாவையும் பிள்ளையையும் காத்தருளும். திருப்பதி டாக்டரை ஆசீர்வதியும். நர்சுகளின் காயத்தை ஆற்றும். செங்கம்மாவுக்கு வேறு வீடுகளில் மீன் விற்கட்டும்." பூனை கண்ணை மூட மாட்டேன் என்கிறது. எனக்கோ கேட்பதற்கு ஆள் தீர்ந்துவிட்டது. ஞானம்மாள் எப்படி முடிப்பாள் என்று யோசித்தேன். பதினோரு வருஷம், ஒரு நாளுக்கு மூன்று வேளை, ரசத்தை உறிஞ்சிக்கொண்டே கேட்ட வரிதான். "எங்க வீட்டுக்காரரையும் ஆண்ட்ரூ அண்ணனையும் ஒண்ணாக்கும், ஆமென்." ஒரு நாள் விட்டதில்லை அவள்.

பூனைக்கு ஆமென் எங்கே வருகிறதென்று தெரிய ஒரே அடையாளம் அந்தப் பெயர்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "ஆண்ட்ரூ என்கிற அந்த மடையனுக்குக் காய்கறிகளைப் பற்றிய அறிவைக் கொடும்."

பிஷப் கண்ணை மூடியது.

"ஆமென்."

மொறுக்.

ஒரு மாதம் கழித்துத் திருப்பதிக்குப் போனோம். கிரியாட்டினின் மூன்றுக்கு இறங்கியிருந்தது. "எப்டி தாத்தா துன்ன வச்சீங்க? வர்றவங்கல்லாம் இதத்தான் கேக்கறாங்க" என்றாள் டாக்டர். "சூடு பண்ணி வச்சேன்" என்றேன். அதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டாள்.

ஞானம்மாள் திரும்பி வந்த அன்று மதியம், அவள் சோறு பரிமாறிக்கொண்டிருக்கும்போதே நான் எழுந்து நின்று, பூனைக்குரிய ஜெபத்தை முழுதாகச் சொன்னேன். ஆண்ட்ரூ வந்தான், மடையன் வந்தான், காய்கறி வந்தது, ஆமென். அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"நான் கேட்டது நடந்துடுச்சு" என்றாள்.

"இன்னா நடந்துச்சு? அவனத் திட்டிகினு இருக்கறேன்."

"வேளா வேளைக்கி ஜெபத்துல நின்னுகினு திட்றீங்க இல்ல? அது போதும். உக்காந்து துன்னுங்க."

கீழே பிஷப் தன் வில்லைகளை முடித்து, வாயை நக்கி, எழுந்து எங்கள் இருவரையும் பார்த்தது. பிறகு நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றித் தரையைப் பிறாண்டி, நன்றாக மண் போட்டு மூடிவிட்டுப் போயிற்று.